சந்தன நிறக் கார்

1

ஒருவர் ஜெர்மனிக்கு விருந்தாளியாக வர வேண்டுமென்றால், அவரைக் கூப்பிடுகிறவர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வருகிறவருடைய சாப்பாடு, படுக்கை, வைத்தியம், அவர் திரும்பிப் போகாவிட்டால் திருப்பி அனுப்புகிற செலவு எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். என் தங்கை செல்விக்கும் அவள் கணவருக்குமாக நான் அந்தக் கையெழுத்தைப் போட்டு இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

என் கணவர் இங்கே நூற்பு இயந்திரம் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ராஜபாளையத்து மில் ஒன்றில் இந்த இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவரை, இயந்திரம் செய்தவர்களே கூப்பிட்டுக்கொண்டார்கள். அன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வாடகைப் பத்திரம், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு நான் மட்டும் போனேன். பஸ்ஸில் மூன்று தடவை உறையைத் திறந்து பார்த்தேன்.

அதிகாரிக்கு என் அப்பா வயது இருக்கும். பதற்றத்தில் அவரை 'நீங்கள்' என்பதற்குப் பதிலாக 'நீ' என்று சொல்லிவிட்டேன். ஜெர்மன் மொழியில் எட்டு வருஷமாக இதே தப்பைச் செய்கிறேன். கடைத்தெருவில் மன்னிப்பார்கள், அலுவலகத்தில் மன்னிப்பதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "நீங்கள்," என்று திருத்தினார். பெரியவர்கள் எதிரில் உட்காரக்கூடத் தயங்கி வளர்ந்தவள் நான்.

"வீடு எத்தனை சதுர மீட்டர்? விருந்தாளிகள் எங்கே தூங்குவார்கள்?"

கூடத்தில் என்றேன். ஊரில் யாராவது இப்படிக் கேட்டால் வீட்டுக்கு வருகிறவர்கள் பாதி வழியிலேயே திரும்பிப் போய்விடுவார்கள்.

"அவர்கள் திரும்பிப் போவார்கள் என்பதற்கு என்ன உறுதி?"

"அங்கே தொழிற்சாலை இருக்கிறது. பேண்டேஜ் துணி செய்கிறார்கள். வீடு இருக்கிறது, கார் இருக்கிறது."

"என்ன கார்?"

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "புதியதா?"

"ஆமாம். புதிதாக வாங்கினார்கள்."

"நான் பஸ்ஸில் வருகிறேன்," என்று சொல்லிவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

அந்த அலுவலகத்தில் எனக்கு அதுவரை கிடைக்காத மரியாதை, சொந்த ஊரில் என் தங்கை வீட்டு வாசலில் நிற்கிற காரால் கிடைத்தது. திரும்பி வரும்போது வயிறு எரிந்தது. அதை இத்தனை நேராக எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் எழுதாவிட்டால் பிறகு வருகிறது எதுவும் புரியாது.

2

செல்வியின் கணவர் எங்கள் அத்தை மகன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில் நாலு தறி போட்டிருந்தார். மூத்தவள் என்பதால் முதலில் என்னைத்தான் பெண் கேட்டார்கள். நான் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து போனால் வெகுநேரம் துணி வெளுக்கிற ப்ளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். அந்த வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காரணம் அதுமட்டும் இல்லை. வெளிநாட்டுக்குப் போகப்போகிற மாப்பிள்ளை ஒருவருடைய ஜாதகம் அப்போது வீட்டுக்கு வந்திருந்தது.

என் கல்யாணம் முடிந்ததும் செல்வியைக் கேட்டார்கள். அவள் என்னிடம் வந்தாள். ரிப்பன் வாங்குவதிலிருந்து பரீட்சைக்கு எந்தப் பாடம் எடுப்பது என்பது வரை எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத்தான் செய்வாள்.

"அக்கா, அத்தானைக் கட்டிக்கிடட்டுமா?"

"கட்டிக்கோ. நல்லவர்தான்," என்றேன். பெட்டியில் சேலை அடுக்கிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நல்லவர்தான். நாலு தறி நாற்பதாகி, பேண்டேஜ் துணி கப்பலேறத் தொடங்கியது. என்னைவிட மூன்று வயது மூத்தவர், செல்வியைக் கட்டிய அன்றிலிருந்து, மனைவியின் அக்கா என்ற முறையில் என்னை 'மதினி' என்று கூப்பிடுகிறார். முதலில் அது கேலி, போகப் போக மரியாதையாகிவிட்டது. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே வந்த மூன்றாம் வருஷம் செல்விக்கு ஒரு போட்டோ அனுப்பினேன். வீட்டுச் சொந்தக்காரருடைய கருநீல ஜெர்மன் காரின் பக்கத்தில் நான் நிற்பேன். எங்கள் கார் என்று எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. எங்களுடையது சிவப்புக் குட்டிக் கார், மூன்று கை மாறி வந்தது, இடது பக்கக் கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். ஜெர்மனியில் இருக்கிறவளுக்கு ஜெர்மன் கார் இருக்காது என்று ஊரில் யாருக்குத் தோன்றும்? அவர்களுக்குத் தோன்றாததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

3

மூன்று வருஷத்துக்கு முன், கோடை விடுமுறைக்கு மகள் நித்யாவோடு ராஜபாளையம் போனேன். அவளுக்கு அப்போது நாலு வயது. என் கணவருக்கு லீவு இல்லை. பொழுது விடியும் முன்னே பம்ப் சத்தம் கேட்டு நித்யா பயந்து அழுவாள், அழுவதும் ஜெர்மனில்தான். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு, "இவ என்ன சொல்லுதா?" என்று என்னைக் கேட்பாள். ஜெர்மனியில் அவளுடைய பாலர் பள்ளி ஆசிரியை, வீட்டிலும் ஜெர்மனே பேசுங்கள் இல்லாவிட்டால் குழந்தை குழம்பிப்போகும் என்று சொல்லியிருந்தார். கீழ்ப்படிந்தேன். அது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வந்த நாலாம் நாள் அத்தான் வந்தார். கையில் ஒரு பளபளப்பான புத்தகம், ஜெர்மன் கார் கம்பெனியுடையது.

"மதினி, வெள்ளிக்கிழம கோயமுத்தூர் போறோம். நீங்களும் வரணும்."

"நான் எதுக்கு அத்தான்?"

"அந்தக் கார் பொறந்த ஊர்லயே இருக்கிய. ஷோரூம்காரன் ஒண்ணு சொன்னா நெசமா பொய்யான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

செல்வி அவர் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "நீலம் சொல்லிருக்கேன்க்கா. உன் போட்டோவுல இருக்குல்லா, அதே நீலம்."

விலையைச் சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்பா மில்லில் முப்பது வருஷம் கணக்கெழுதிக் கட்டிய வீட்டைப் போல நாலு கட்டலாம். அப்பா அந்தப் புத்தகத்தின் படங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மனி மாப்பிள்ளைக்கு என்னைக் கொடுத்த அன்று அவர் முகத்தில் இருந்த பெருமை அது. இப்போது அது இடம் மாறியிருந்தது.

4

வெள்ளிக்கிழமை இருட்டிலேயே அத்தானின் அம்பாசிடரில் கிளம்பினோம். மதுரை, திண்டுக்கல், தாராபுரம் வழியாகப் போய்ச் சேரும்போது மணி பத்து ஆகியிருந்தது. ஷோரூமுக்குள் ஏசியும் புது ரப்பர் வாசனையுமாக இருந்தது. டை கட்டிய விற்பனையாளர் வேட்டி கட்டிய அத்தானைத் தாண்டி என்னிடம் வந்து, "குட் மார்னிங் மேடம், சொல்லுங்க," என்றார். நான் ஜெர்மனியில் இருப்பதைச் செல்வி உடனே சொல்லிவிட்டாள். அதன்பின் அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் என்னைப் பார்த்தே முடித்தார். வெட்கம்விட்டுச் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிஷமும் எனக்கு நன்றாக இருந்தது.

நடுவில் ஒரு கார் நின்றது. வெளிர் சந்தன நிறம்.

இங்கே வந்திராதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் டாக்சிகளுக்கென்று ஒரு நிறம் உண்டு. அது இந்தச் சந்தன நிறம்தான். ரயில் நிலையம், விமான நிலையம், ஆஸ்பத்திரி வாசல் எங்கும் இந்த நிறத்தில் வரிசையாக நிற்கும். அதில் பெரும்பாலானவை இதே கம்பெனிக் கார்கள். சொந்தக் காருக்கு இந்த நிறத்தை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நித்யா என் கையை உதறிக்கொண்டு ஓடிப் போய் அந்தக் காரின் கதவைத் தட்டினாள். "டாக்சி, டாக்சி."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தான், "எங்க ஊரு அம்பாசிடர்லயே போய் வந்து பிள்ளைக்கு எதப் பாத்தாலும் டாக்சியாத் தெரியுது," என்றார். நான் நித்யாவைத் தூக்கிக்கொண்டேன். அவள் விடவில்லை. காதருகே சொன்னேன்: "டாக்சி இல்லம்மா. இது சித்தி கார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த நிமிஷம் எதுவும் முடிவாகியிருக்கவில்லை. செல்வி நீலத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளை உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். செல்வி செருப்பைக் கழற்றிக் காருக்கு வெளியே ஜோடியாக வைத்துவிட்டு ஏறினாள். விற்பனையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவள் கவனிக்கவில்லை. இருக்கையின் தோலை ஒரு விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தாள். அவளுக்காக வெட்கப்பட்டேன். அதே மூச்சில், நான் இதுவரை இப்படி ஒரு காருக்குள் உட்கார்ந்ததே இல்லை என்பதும் ஞாபகம் வந்தது.

பேரம் தொடங்கியது. "விலை கம்பெனி விலைங்க சார். அதுல நாங்க கை வைக்க முடியாதுங்க," என்றார் விற்பனையாளர்.

அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்தைந்து. "சரி," என்று எழுந்தார். "ஏட்டி செல்வி, வா. மதினி, வாங்க."

வெளியே வந்து அம்பாசிடருக்குள் உட்கார்ந்துகொண்டோம். வேறொன்றும் இல்லை, வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அந்த நேரத்தில் அத்தான் பஞ்சுநூல் விலைகூடப் பேசமாட்டார். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. விலை ஒத்துவராமல் எழுந்து போய்விட்டோம், போகவும் மனமில்லாமல் வாசலில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்கு விற்பனையாளர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "இன்சூரன்ஸ் நாங்களே போட்டுத் தர்றோங்க சார்."

"பாப்போம்."

இருபது நிமிஷம் கழித்துக் கூல் டிரிங்க்ஸ் வந்தது. அதன் பின்னாலேயே மேனேஜர் வந்தார். "பாட்டுப் பெட்டி, சீட் கவர் எல்லாம் எங்க கணக்குங்க. உள்ள வாங்க சார், பேசிக்கலாம்."

"செத்த நேரம் போகட்டும்," என்றார் அத்தான். மேனேஜர் போனதும் என் பக்கம் குனிந்தார். "மதினி, இந்த ராகு காலம் நமக்கு நல்லா வேல செய்யுது."

நாங்கள் மூவரும் சிரித்தோம். அன்று நான் மனசாரச் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பன்னிரண்டுக்குச் சற்று முன் மேனேஜர் மறுபடி வந்தார். முகத்தில் வியர்வை. கடைசிப் பேச்சாகச் சொன்னார்: உள்ளே நிற்கிற சந்தன நிறக் கார் கையிருப்பு, பத்து நாளில் வீட்டுக்கு வரும், அதற்கு விலையிலும் கணிசமாகக் குறைக்கலாம். நீலம் வேண்டுமென்றால் முழு விலை, மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

அத்தான் யோசிக்கவே இல்லை. "மூணு மாசம்னா மூணு மாசம். இவளுக்காகத்தான் வாங்குதேன். செல்வி, நீ சொல்லு. நீலம்தான?"

செல்வி என்னைப் பார்த்தாள். "அக்கா, நீ சொல்லு. அங்க எதுக்குக் கௌரவம்?"

நீலம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் அந்தக் கருநீலக் காரில் ராஜபாளையத்துக்கு வந்து இறங்குவாள். நான் பக்கத்தில் மட்டும் நின்ற காருக்குள் அவள் உட்கார்ந்திருப்பாள். அந்தப் படம் என் கண் முன்னால் வந்தது.

"இந்தச் சந்தனக் கலர்தான் செல்வி," என்றேன். "எங்க ஊர்ல எங்க பாத்தாலும் இதுதான் நிக்கும்."

பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"நெசமாவா? அப்ப இதுவே இருக்கட்டும்," என்றாள். அத்தானுக்கும் சந்தோஷம். சந்தனம் மங்கலம், விலையும் குறைவு. பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம் கழித்து உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்.

5

கார் வந்த அன்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் வாசலில் பூஜை போட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம். வண்டியின் நிறத்தில் சந்தனம் தெரியவே இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்த நிறத்தைத்தான் சொன்னார்கள். "கலர் எடுத்தது யாரு?" என்று அத்தையின் நாத்தனார் கேட்க, செல்வி என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள். "எங்கக்கா."

இங்கே திரும்பி வந்த முதல் மாதம், வழியில் டாக்சியைப் பார்த்தால் எனக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அதோ போகிறது என் தங்கையின் கார். குழந்தையைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கையிலிருக்கிற ஜெர்மன் மார்க்கை எண்ணிக் கணக்குப் பார்த்து உருளைக்கிழங்கு வாங்கும்போது, அந்தச் சிரிப்பு ஒரு ஆறுதலாக இருந்தது. இப்படிப்பட்ட ஆறுதல் எனக்குத் தேவைப்படுகிறதே என்று அவமானமாகவும் இருந்தது.

அது நிலைக்கவில்லை. செல்வியின் கடிதங்கள் வந்தன. மாப்பிள்ளை அழைப்புக்கெல்லாம் நம் காரைத்தான் கேட்கிறார்கள். கலெக்டர் ஒரு விழாவுக்கு வந்தபோது நிறுத்தி விசாரித்தார். அப்பாவைத் தேவதானம் கோயிலுக்குக் கூட்டிப்போனோம், ஆட்டமே தெரியாமல் தூங்கிவிட்டார். நான் கொடுத்த கசப்பை அவள் பாயசம் போலக் குடித்துவிட்டு, நன்றி சொல்லி எழுதிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு அவமானம், அவமானமே இல்லை. தெரிந்த ஒரே ஆள் நான். என்னை மட்டும்தான் அது குத்தியது.

நித்யா வேறு. நான் ஷோரூமில் சொல்லிக்கொடுத்ததை அவள் மறக்கவில்லை. இந்த ஊர் டாக்சிகள் எல்லாமே அவளுக்குச் 'சித்தி கார்' ஆகிவிட்டன. அவளிடம் தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்த காலத்தில் இது மட்டும் உதிரவில்லை. ஒருநாள் ஆசிரியை என்னை நிறுத்திக் கேட்டார், படம் வரைகிற நேரத்தில் நித்யா அடிக்கடி சொல்கிற அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று. "சின்னம்மாவின் வாகனம்," என்று சொல்லிவிட்டு நடந்தேன். சின்னம்மாவுக்கு இத்தனை வாகனங்களா என்று அவர் நினைத்திருப்பார்.

பிறகு அத்தானின் கடிதம் வந்தது. நவம்பரில் இங்கே ஆஸ்பத்திரிச் சாமான்களுக்கு ஒரு கண்காட்சி, அதற்கு வருகிறார், செல்வியையும் கூட்டி வருகிறார். அதற்குத்தான் நான் அந்தக் கையெழுத்தைப் போட்டேன். போடாமல் இருக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். வீடு சின்னது, இவருக்கு வேலை, நித்யாவுக்குச் சளி. ஒன்றும் நிற்கவில்லை.

6

விமான நிலையத்துக்கு இவரும் நானும் நித்யாவும் எங்கள் சிவப்புக் காரில் போனோம். செல்வி புடவைக்கு மேல் அத்தானின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாலு பெட்டி, ஒரு பால்கோவா டின், ஊறுகாய் வாளி.

வாசலுக்கு வெளியே வந்ததும் இவர் பெட்டிகளை எங்கள் காரில் ஏற்றினார். பெட்டி ஏறியதும் இவர் உட்காரத்தான் இடம் இருந்தது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். இரண்டு வாரம் யோசித்தவளுக்கு இது தோன்றவில்லை.

"நீங்க டாக்சில வாங்க," என்று சொல்லிவிட்டு இவர் கிளம்பிவிட்டார்.

டாக்சிகள் எங்களுக்கு எதிரே நின்றன. பதினைந்து இருபது இருக்கும். ஈரச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நிறத்தில்.

செல்வி முதலில் சிரித்தாள். "அக்கா, நீ சொன்ன மாதிரியேதான் இருக்கு. நம்ம காரு." பிறகு ஒவ்வொன்றின் உச்சியிலும் இருந்த மஞ்சள் பலகையைப் பார்த்தாள். அதில் இருந்த எழுத்தைப் படிக்க ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை. அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

நித்யா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சித்தி கார். சித்தி கார்."

"எதுடா கண்ணு, சித்தி கார்?"

நித்யா வரிசை முழுவதையும் கையால் காட்டினாள். "எல்லாம். அம்மா சொன்னா."

அத்தான்தான் முதலில் பேசினார். உள்ளே ஏறி உட்கார்ந்து, கதவு மூடிய பிறகு, முன்னால் ஓடிய மீட்டரைப் பார்த்துக்கொண்டே, "மதினி, நம்ம வண்டிக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்," என்று சொல்லிச் சிரித்தார். வியாபாரி. அவருக்கு அது அதோடு முடிந்துவிட்டது. வழியெல்லாம் டிரைவரிடம் எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசலா என்று என்னைக் கேட்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

செல்வி கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தாள். வீடு வரும்வரை இருக்கையில் சாயவில்லை.

7

மறுநாள் காலை அத்தான் கண்காட்சிக்கும் இவர் வேலைக்கும் போன பிறகு, சமையலறையில் செல்வி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு அன்னைக்கே தெரியும்லக்கா?"

இதற்கு என்னிடம் பதில்கள் இருந்தன. இரவு முழுக்கத் தயார் செய்தவை. சந்தனம் மங்கலம். காத்திருக்க வேண்டாம். எல்லாமே உண்மை. அதில் ஒன்றை எடுத்தேன். "அத்தானுக்கு வெல கொறையுமேன்னுதான் செல்வி."

"வெலய அவிய பாத்துக்கிடுவாவ. நான் ஒங்கிட்ட கலரத்தான் கேட்டேன்."

நான் குக்கரை இறக்கி வைத்தேன்.

"நீ போட்டோவுல ஒரு கார் பக்கத்துல..." என்று அவள் தொடங்கினாள்.

"அது வீட்டுக்காரர் காருட்டி."

"தெரியும். போட்டோ வந்த அன்னைக்கே தெரியும். சொந்தக் காருன்னா சாஞ்சு நிப்பாவ. நீ தொடாம நின்ன." உரித்த வெங்காயத்தைக் கழுவினாள். "அதனாலதான் அந்த நீலம் கேட்டேன். நீ லீவுக்கு வந்தா அதுல சாஞ்சு ஒரு போட்டோ எடுக்கலாம்னு."

நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். அவள், "போக்கா, என்ன பெரிய காரு," என்றாள். கோபம் காட்டவில்லை. அன்று மதியம் என் தட்டில் எப்போதும்போல முதல் அப்பளத்தைப் போட்டாள். பதினைந்து நாளும் எங்கள் வீட்டுத் தரையைக்கூட அவள்தான் துடைத்தாள்.

ஆனால் ஒன்று. அவளுக்குக் குளிர்கோட்டு வாங்கக் கடைக்குப் போனோம். இரண்டை மாட்டிப் பார்த்தாள், ஒன்று பழுப்பு, ஒன்று சாம்பல். கண்ணாடி முன் நின்று திரும்பினாள். நான் பழுப்பு என்று சொல்லத் தயாராக நின்றேன். பழுப்புதான் அவளுக்குப் பொருத்தம், இந்தத் தடவை உண்மையாகவே.

அவள் என்னைத் தாண்டி நித்யாவிடம் குனிந்தாள். "நீ சொல்லும்மா. சித்திக்கு எது நல்லாருக்கு?"

நித்யா சாம்பலைக் காட்டினாள். செல்வி அதை வாங்கிக்கொண்டாள். பிறகு ஊருக்கு வாங்கின கைப்பை, கடிகாரம், அம்மாவுக்குச் சால்வை எல்லாவற்றையும் ஆறு வயதுக் குழந்தையைக் கேட்டே வாங்கினாள். நான் பணம் கொடுக்கிற இடத்தில் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகள் மேல் எனக்குப் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

8

போன வாரம் செல்வியின் கடிதம் வந்தது. உறையில் நித்யாவின் பெயர். கொட்டை எழுத்தில் தமிழில் எழுதியிருந்தாள். நித்யாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்த்தி வைத்து ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தேன், 'ஈ' வரை வந்து நின்றுவிட்டது. அதனால் நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. செல்விக்கும் அது தெரிந்திருக்கும்.

கான்சாபுரம் பக்கம் ஒரு லாரி நம் காரை உரசிவிட்டது, யாருக்கும் அடி இல்லை. எப்படியும் பெயிண்ட் அடிக்க வேண்டும். அடிப்பதுதான் அடிக்கிறோம், நிறத்தையே மாற்றிவிடலாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். பெயிண்டர் கொடுத்த அட்டையை வைத்திருக்கிறேன். எந்த நம்பர் என்று நீ சொல்லு. நீ சொல்லுகிறதைத்தான் அடிப்போம். இவ்வளவுதான் கடிதம். கடைசியில், அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அட்டையில் ஐந்து கட்டங்கள், கீழே நம்பர். ஒன்று வெள்ளை. இரண்டு கருநீலம். மூன்று வெள்ளி. நாலு பச்சை. ஐந்து மெரூன்.

அட்டையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். நித்யா வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு நாற்காலியில் மண்டியிட்டுப் பார்த்தாள். நான் எதையும் சுட்டிக் காட்டவில்லை. என் நிழல்கூட அட்டையில் விழாதபடி தள்ளி நின்றேன். அப்படி நின்றதும் நடிப்போ என்று தோன்றியது.

அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு பச்சையின் மேல் விரலை வைத்தாள். ஏன் என்று ஜெர்மனில் கேட்டேன். தவளை மாதிரி இருக்கிறதாம்.

பச்சைக் கார் செல்விக்குப் பிடிக்காது. அவள் வீட்டில் பச்சை ஜன்னல் துணிகூடக் கிடையாது. நித்யாவிடம் இன்னொரு தடவை பார் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு, அந்தக் கருநீலம், என்று எழுதி அனுப்பினாலும் ஊரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனாவை மூடியோடு கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நித்யா என் முழங்கையைத் தட்டி, எழுதும்மா என்றாள்.

நாலு என்று எழுதினேன். நித்யா சொன்னது என்றும் எழுதினேன். உறையை ஒட்டி, மழைக்கு முன் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

என்னைக் கேட்டிருந்தால் இரண்டு என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.